உழக்கவே தேவையில்லை என்றாள் அக்கா

"உழக்கவே தேவையில்லையடி. சைக்கிளையும் எங்களையும் வான் வண்டியில ஏத்திக்கொண்டுபோய் மலையில விடுவாங்கள். பிரேக்கைப் பிடிச்சுக்கொண்டு இறங்கி வந்தாச் சரி."

ரொறன்ரோவிலிருந்து அக்கா வட்ஸ்அப்பில் இதைச் சொன்னபோது நான் திருகோணமலை உப்புவெளி வீட்டின் பின் விறாந்தையில் இருந்து கணவாய் கழுவிக்கொண்டிருந்தேன். போன் திண்ணையில், ஸ்பீக்கரில். எனக்கு முன்பே அம்மா பதில் சொல்லிவிட்டா: "மலையால விழுறதுக்குக் காசும் குடுக்கிறியளோ?"

அக்காவுக்கும் அத்தானுக்கும் கல்யாணமாகி 25 வருடம். அதைக் கொண்டாட ஹவாய்த் தீவுகளில் ஒன்றான மௌயிக்குப் போவது என்று முடிவாகியிருந்தது. அக்கா, அத்தான், அவர்களுடைய மகள் (என் பெறாமகள்) என்று அவர்கள் மூன்று பேர், நான், என் கணவர், மகன் என்று நாங்கள் மூன்று பேர். ஓகஸ்ட் பாடசாலை விடுமுறையில் ஒரு கிழமை. பெரிய செலவு அவர்களுடையது, திட்டம் போடும் தலையிடி என்னுடையது. நான் பாடசாலையில் நேரசூசி போடுகிற ஆள் என்பதால் அப்படி ஒரு பெயர் வீட்டில் எனக்கு உண்டு. விசாவுக்குக் கொழும்புக்கு அலைந்தது தனிக் கதை, அதை விடுகிறேன். இது அந்தச் சைக்கிள் இறக்கத்தைப் பற்றியது மட்டும். திருகோணமலையிலிருந்து யாராவது இப்படியொரு பயணத்துக்குக் கிளம்பினால், நான் இரண்டு மாதம் மண்டையைப் போட்டு உடைத்தது அவர்களுக்கு உதவட்டும்.

மலையின் பெயர் ஹலேயகலா. சூரியனின் வீடு என்று அர்த்தம். உயரம் 3,055 மீற்றர். நம்முடைய பிதுருதலாகலையே 2,524 மீற்றர்தான். கடல் மட்டத்திலிருந்து உச்சிவரைக்கும் தார் வீதி, ஏறத்தாழ 60 கிலோமீற்றர். நான் நினைத்திருந்தது, உச்சியில் நின்று சூரியன் உதிப்பதைப் பார்த்துவிட்டு அங்கிருந்தே சைக்கிளில் ஏறிக் கடல்வரை வருவது என்று. விளம்பரப் படங்களும் அப்படித்தான் காட்டுகின்றன. ஒரு குழுவின் இணையத்தளத்தில், செக்கச் சிவந்த எரிமலைக் குழியின் விளிம்பில் ஹெல்மெட் போட்ட ஆட்கள் கையை விரித்துக்கொண்டு நிற்கிறார்கள். பக்கத்தின் அடியில், எறும்பு எழுத்தில், சைக்கிள் ஓட்டம் 6,500 அடியில் தொடங்கும் என்று போட்டிருந்தது. அதாவது ஏறத்தாழ 1,980 மீற்றர். உச்சி அதற்கு மேலே இன்னும் ஆயிரத்துச் சொச்சம் மீற்றர்.

காரணத்தைத் தேடினேன். 1980களில் தொடங்கிய தொழில் இது. முன்பெல்லாம் உச்சியிலிருந்தே இறக்கினார்கள். 2007இல் ஓர் உயிரிழப்பு நடந்த பிறகு, தேசியப் பூங்காவின் எல்லைக்குள் சுற்றுலாக் குழுக்கள் சைக்கிள் இறக்குவதை அந்த ஆண்டே நிறுத்திவிட்டார்கள். சொந்தமாகச் சைக்கிள் கொண்டுபோகிறவர் உச்சியிலிருந்து ஓடலாம், காசு வாங்கிக் கூட்டிப்போகிற குழுக்கள் எல்லைக்கு வெளியேதான் தொடங்க வேண்டும். ஆகவே, சூரியோதயம் உச்சியில், சைக்கிள் அதற்குக் கீழே. இரண்டும் இரண்டு வேலை. இது புரிந்த பிறகுதான் மற்றதெல்லாம் ஒழுங்காக வந்தது.

ஏமாற்றமாக இருந்ததா என்றால், இல்லை. நுவரெலியா நகரம் 1,868 மீற்றரில் இருக்கிறது. அதைவிடக் கொஞ்சம் உயரமான இடத்தில் சைக்கிளில் ஏறி, நாற்பது கிலோமீற்றருக்குள் கடற்கரையைத் தொடுவதாக நினைத்துப் பாருங்கள். நூறு மீற்றர் போனால் ஐந்து மீற்றர் இறங்கும். சொல்லும்போது சின்னக் கணக்கு. அதையே மணிக்கணக்காகக் கையால் பிடித்து நிறுத்திக்கொண்டு வரவேண்டும் என்பது அந்த நேரம் எனக்கு உறைக்கவில்லை.

மகன் வேறு, எரிமலை என்றதும் கன்னியாவைப் பிடித்துக்கொண்டான். "வெந்நீர்க் கிணத்துக்குக் கீழ எரிமலை இருக்கோ அம்மா?" இல்லை. மழைநீர் பாறை வெடிப்பு வழியாக ஆழத்துக்குப் போய், அங்குள்ள சூட்டில் காய்ந்து திரும்பி மேலே வருகிறது, அவ்வளவுதான். ஏழு கிணறும் ஏழு சூட்டில் இருப்பதற்கும் எரிமலைக்கும் தொடர்பில்லை. ஹலேயகலாவோ உண்மையான எரிமலை, கடைசியாகப் பொங்கியது 1480க்கும் 1600க்கும் இடையில் என்று அமெரிக்க நிலவியலாளர்கள் கணித்திருக்கிறார்கள். அவனுக்கு அதுவும் போதவில்லை. இப்போது பொங்கினால் எவ்வளவு வேகத்தில் சைக்கிள் ஓட வேண்டும் என்று கேட்டான்.

அவனுக்கு 11 வயது. பிரச்சினையே அங்கேதான் தொடங்கியது. பெரும்பாலான குழுக்கள் 12 வயதுக்குக் குறைந்தவர்களைச் சைக்கிளில் ஏற்றுவதில்லை. சில குழுக்கள் 15 என்கின்றன. உயரத்துக்கும் எடைக்கும் எல்லை வைத்திருக்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கும் அண்மையில் சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கும் அனுமதியில்லை. கடைசி வரியை வாசித்ததும் அக்காவுக்கு அழைத்தேன். அவ முழங்கால் ஒப்பரேஷன் செய்து எட்டு மாதம்கூட ஆகவில்லை.

"உழக்கவே தேவையில்லை எண்டுதானே நான் சொன்னனான்," என்றா.

"உழக்கத் தேவையில்லை அக்கா, ஆனா காலை ஊண்டத் தேவை."

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "சரி, நான் சின்னவனோட வானில வாறன்" என்றா. நாங்கள் கடைசியில் பிடித்த குழுவில் பின்தொடரும் வானில் உட்கார்ந்து வர இடமிருந்தது. அதற்கும் காசுதான், ஆனாலும் அது எங்களுக்குக் கிடைத்த பெரிய வசதி. எல்லாக் குழுவிலும் இது இல்லை, முன்பே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

ஓட்டத்தில் இரண்டு வகை. ஒன்றில் வழிகாட்டி முன்னால், வான் பின்னால், நடுவில் நீங்கள் வரிசையாக. மற்றதில் சைக்கிளையும் ஹெல்மெட்டையும் தந்து மேலே கொண்டுபோய் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள், உங்கள் பாட்டில் நின்று நின்று வரலாம். இரண்டாவது மலிவு. அத்தான் அதைத்தான் பிடிக்கச் சொன்னார். யாருக்குப் பின்னாலும் மாடு மாதிரிப் போக முடியாது என்றார். சைக்கிள் ஓடப்போகும் நாலு பேரும் வீடியோவில் இருந்த நேரம் பார்த்து, கடைசியாகச் சைக்கிள் ஓடியது எப்போது என்று கேட்டேன். நாலு பேரும் வேறு வேறு பக்கம் பார்த்தோம். வழிகாட்டி வேண்டும் என்று முடிவாகியது.

இனி நேரக் கணக்கு. இதைத்தான் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

ஹவாய் எங்களைவிட பதினைந்தரை மணித்தியாலம் பின்னால். அங்கே விடியற்காலை 3 மணி என்றால் இங்கே முதல்நாள் அல்ல, அதே நாள் பின்னேரம் 6.30. கோணேசர் கோயிலில் மாலைப் பூசைக்கு ஆட்கள் படியேறும் நேரம். அங்கே காலை 9 மணி என்றால் இங்கே நள்ளிரவு 12.30. சூரியோதயமும் சைக்கிளும் சேர்ந்த ஒரே நாள் பொதியைத்தான் அக்கா தெரிவு செய்து வைத்திருந்தா. விடியப்புறம் இரண்டு மணிக்கு ஹோட்டலில் ஏற்றுவார்கள், உச்சியில் விடிவதைப் பார்த்ததும் கீழே கொண்டுவந்து சைக்கிளில் விடுவார்கள். ரொறன்ரோக்காரருக்கு அது ஒரு பொருட்டில்லை, ஹவாயின் 3 மணி அவர்களுக்குக் காலை 9 மணி. எங்கள் உடம்புக்கோ சூரியோதயம் இரவுச் சாப்பாட்டு நேரம், சைக்கிள் ஓடும் நேரம் நடுச்சாமம். தூக்கத்துக்காகக் கண் சொருகும் அந்த நேரத்தில் கொண்டை ஊசி வளைவில் பிரேக் பிடிக்க வேண்டியிருக்கும்.

ஆகவே பொதியைப் பிரித்தேன். சூரியோதயத்தைப் போய்ச் சேர்ந்த மறுநாளே வைத்தேன். எப்படியும் விடியப்புறம் இரண்டு மணிக்கு எங்கள் மூன்று பேருக்கும் நித்திரை வராது, அந்த விழிப்பைப் பயன்படுத்தலாம். சைக்கிளை நாலாம் நாளுக்குத் தள்ளினேன், உடம்பு கொஞ்சம் இடம் பழகட்டும் என்று. பின்னால் யோசித்துப் பார்த்தால், மொத்தத் திட்டத்தில் நான் செய்த உருப்படியான வேலை இது ஒன்றுதான்.

சூரியோதயத்துக்குச் சொந்தக் காரில் போவதென்றால் முன்பதிவு வேண்டும். 2017 முதல் அப்படி. விடியப்புறம் 3 மணிக்கும் 7 மணிக்கும் இடையில் பூங்காவுக்குள் நுழையும் ஒவ்வொரு வாகனத்துக்கும் ஒரு டாலர். நுழைவுக் கட்டணம் வேறு, அது நாங்கள் போனபோது வாகனத்துக்கு 30 டாலர். பதிவு 60 நாளுக்கு முன்னர் ஹவாய் நேரம் காலை 7 மணிக்குத் திறக்கும், சில நிமிடங்களில் தீர்ந்துபோகும். எங்கள் நேரத்துக்கு அது இரவு 10.30. முதல் நாள் 10.25க்கே போனைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் இருந்தேன். 10.28க்குக் கரண்ட் போனது, அதோடு வைஃபையும் போனது. டேட்டாவுக்கு மாற்றிப் பக்கம் திறப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அடுத்த இரவு முதலே டேட்டாவில் இருந்து பிடித்தேன், சூரியோதயம் ஒரு நாள் தள்ளி மூன்றாம் நாள் என்றாகியது. அப்படியும் கிடைக்காதவர்களுக்கு, இரண்டு நாளுக்கு முன்பு இன்னும் கொஞ்சம் இடம் திறந்து விடுகிறார்கள். இன்னொன்று, யார் பெயரில் பதிவோ அவர் அடையாள அட்டையோடு காருக்குள் இருக்க வேண்டும். என் பெயரில் போட்டிருந்ததால், வாந்தி வருகிறது என்று நான் படுத்துக்கொள்ளவும் வழியில்லாமல் போனது.

சுழியோடும் விஷயத்தில் வேறொரு சிக்கல். அத்தான் போன வருடம் நிலாவெளியில் நின்று புறாமலைத் தீவுப் பக்கம் சிலிண்டர் கட்டிச் சுழியோடப் பழகிவிட்டுப் போனவர். மௌயிக்குப் பக்கத்தில் மொலோகினி என்று கடலுக்குள் பாதி அமிழ்ந்த எரிமலை வாய் ஒன்று இருக்கிறது, பிறை வடிவம். அங்கே சுழியோட வேண்டும் என்று சைக்கிளுக்கு முதல்நாளைக் குறித்து வைத்திருந்தார். சிலிண்டரோடு ஆழத்துக்குப் போய் வந்தவரின் உடம்பில் நைதரசன் கரைந்திருக்கும், உடனே உயரத்துக்குப் போனால் அது குமிழியாகிக் கெடுதல் செய்யும். விமானத்துக்குச் சொல்லும் அதே விதி மலைக்கும் பொருந்தும். ஒரு நாள் முழுக்க இடைவெளி விடச் சொல்கிறார்கள். ஆகவே முதலில் மலை, பிறகு கடல், அப்புறம் ஒரு நாள் சும்மா இருந்துவிட்டு விமானம் என்று அடுக்கை மாற்றினேன். கண்ணாடியும் குழாயும் மட்டும் போட்டு மேலே மிதந்து மீன் பார்க்கிறவருக்கு இந்தக் கவலை இல்லை.

காப்புறுதியில் ஒரு வரி. பயணக் காப்புறுதிப் பத்திரத்தில் 'சாகச விளையாட்டுகள்' விலக்கு என்றிருந்தால், மலையில் சைக்கிள் இறங்குவது அதற்குள் வருகிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நான் கேட்டேன். வருகிறது என்றார்கள். கொஞ்சம் கூடக் கட்டி அதையும் சேர்த்தோம். அமெரிக்காவில் கை முறிந்தால் கட்டுப்போட ஆகும் காசில் இங்கே வீட்டுக்கு ஒரு அறை கட்டலாம் என்று அத்தான் சொன்னார். அது பகிடியில்லை.

பயிற்சிக்கு வருவோம். திருகோணமலையில் இறக்கம் தேடுவது, மருதமலையில் கடல் தேடுவது மாதிரி. உப்புவெளியிலிருந்து நிலாவெளிவரை பந்தை உருட்டினால் நின்ற இடத்தில் நிற்கும். மிஞ்சியது இரண்டு இடம், உவர்மலையும் கோட்டைக்குள் கோணேசர் கோயில் ஏற்றமும். விடிய ஐந்தரைக்கு என் லேடீஸ் சைக்கிளில் உவர்மலைக்குப் போய், உருட்டிக்கொண்டு ஏறி, இறங்கி, மறுபடி ஏறி. கோட்டைக்குள் ஒருநாள், வேலியோரம் படுத்திருந்த மான் ஒன்று சொல்லாமல் கொள்ளாமல் எழும்பிக் குறுக்கே போனது. இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்துவிட்டேன், பின்சில்லு அரைவட்டம் அடித்தது. கூடையில் இருந்த அர்ச்சனைத் தேங்காய் உருண்டு, பிள்ளையார் கோயிலில் உடைபடாமல் மதகில் உடைந்தது.

பிரேக் கட்டை மாற்றத்தான் அன்று சைக்கிள் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணாவிடம் விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வியே வேறு.

"அங்க எந்தக் கைக்கு முன்பிரேக், தங்கச்சி?"

நான் யோசித்தே பார்க்கவில்லை. என் சைக்கிளில் வலக்கைப் பிடி முன்சில்லுக்கு, இடக்கைப் பிடி பின்சில்லுக்கு. அமெரிக்காவில் அது நேர்மாறு, இடக்கைதான் முன்பிரேக். இறக்கத்தில் உடம்பின் பாரமெல்லாம் முன்சில்லில்தான் விழுகிறது. நிறுத்தும் பலமும் அதில்தான், தூக்கி எறியும் ஆபத்தும் அதில்தான். பதறும்போது கை யோசிக்காது, பழகினதைச் செய்யும். அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் இரண்டு கேபிளையும் கழற்றி மாறிப் பூட்டித் தந்தார். "ஒரு மாசம் இப்பிடியே ஓடுங்கோ. கை பழகீரும்." கட்டைக்கு மட்டும் காசு வாங்கினார்.

பழகத்தான் செய்தது, ஆனால் சுலபமாக இல்லை. முதல் கிழமை சந்தைக்குப் போய்வரும் வழியில் மூன்று தரம் கால் ஊன்றினேன். இவரிடமும் அதில் ஓடிப் பார்க்கச் சொன்னேன். "முப்பது வருசமா சைக்கிள் ஓடுறன், எனக்குப் பிரேக் பிடிக்கப் பழக்கிறியோ?" என்றார். விட்டுவிட்டேன்.

ஜூன், ஜூலையில் எங்கள் பக்கம் கச்சான் காற்று அடிக்கும். நிலாவெளி வீதியில் குறுக்குக் காற்று சைக்கிளைத் தள்ளுவதும் ஒரு பயிற்சிதான் என்று பிறகு தெரிந்தது, மௌயியிலும் மரமில்லாத இடங்களில் காற்று அப்படித்தான் பக்கவாட்டில் அறைகிறது. ஹாண்டிலை இறுக்கிப் பிடித்தால் சைக்கிள் கூடுதலாக ஆடும். தோளைத் தளர்த்தி விட வேண்டும்.

உடுப்பு விஷயம் சுருக்கமாக: பாட்டாவோடு ஏற்ற மாட்டார்கள், மூடிய சப்பாத்து வேண்டும். துப்பட்டா, தொங்கும் கயிறு, அகலமான கால்சட்டை எதுவும் சில்லுக்குப் பக்கத்தில் வரக்கூடாது. தலைமயிரைப் பின்னி உள்ளே விட்டுவிடுங்கள். காற்றுத் தடுக்கும் மேலங்கியும் கையுறையும் குழுவே தந்தது. உச்சிக்குப் போகும் உடுப்பு வேறு, அதற்குக் குழு பொறுப்பில்லை.

அந்த உச்சி. ஆயிரம் அடி ஏற மூன்று பாகை பரனைட் குறையும் என்று வாசித்திருந்தேன், பெருக்கிப் பார்த்தால் கடற்கரையைவிட முப்பது பாகை குறைவு. நுவரெலியாவில் வாங்கிய சுவெற்றர் போதும் என்று நினைத்தது என் பிழை. காற்று அதற்குள்ளால் போய் வந்தது. அக்கா ஹோட்டல் போர்வையைச் சுருட்டி எடுத்து வந்திருந்தா, ஆறு பேரில் புத்திசாலி அவதான். மேலே சாப்பாடும் இல்லை, பெற்றோலும் இல்லை, இரண்டையும் கீழேயே நிரப்பிக்கொள்ள வேண்டும். இவருக்கு லேசாகத் தலையிடி, படியேறும்போது எல்லோருக்கும் மூச்சு வாங்கியது. ஆறு மணிக்குச் சற்று முன் முகில் படுக்கைக்கு மேலால் சூரியன் வந்தது. கீழே தெரிந்த பெரிய சிவப்புக் குழியை எரிமலை வாய் என்று நான் மகனுக்கு விளக்க, பக்கத்திலிருந்த பூங்கா அறிவிப்புப் பலகை என்னைத் திருத்தியது. அது மழையும் ஆறும் அரித்து உண்டான பள்ளத்தாக்கு, அதற்குள்ளே பின்னால் பொங்கிய சின்னக் கூம்புகள்தான் எரிமலை வேலை. சாம்பல் மண்ணில் வெள்ளிக் கம்பி உருண்டை மாதிரி ஒரு செடி நின்றது. பல பத்து வருடம் அப்படியே இருந்து, ஒரே ஒரு தரம் பூத்து, செத்துப்போகுமாம். மகன் அதற்குப் பக்கத்தில் கனநேரம் நின்றான்.

மறுநாள் சைக்கிள். காலை எட்டரைக்குக் குழுவின் இடத்தில் பத்திரம் நீட்டினார்கள். எது நடந்தாலும் தாங்கள் பொறுப்பில்லை என்று மூன்று பக்கம். வாசித்துத்தான் கையொப்பம் வைத்தேன், பின்னால் நின்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள். முகம் முழுக்க மூடும் ஹெல்மெட், மோட்டார் சைக்கிளுக்குப் போடுவது மாதிரி. மேலே வாகனத் தரிப்பிடத்தில் முதலில் வட்டம் போட்டு ஓடிக் காட்டச் சொன்னார்கள். வழிகாட்டி கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னதும் இவர் பின்பிரேக் என்று நினைத்து இடக்கையை இறுக்கினார். முன்சில்லு அப்படியே நின்றது. பின்சில்லு எழும்பியது. முப்பது வருட அனுபவம் பக்கவாட்டில் சரிந்து தாரில் உட்கார்ந்தது.

முழங்கையில் தோல் போனதோடு சரி. வேகம் இல்லாத இடத்தில் நடந்ததால் தப்பினார். வழிகாட்டி அவருடைய இடது பிடியில் சிவப்பு நாடா ஒன்றைச் சுற்றிவிட்டு, தனக்கு நேர் பின்னால் வரச் சொன்னார். நான் எதுவும் சொல்லவில்லை. பெறாமகள்தான் ஹெல்மெட்டுக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள், தோள் குலுங்கியது.

இறங்கத் தொடங்கியதும் ஒரு நிமிடம் உண்மையிலேயே பறப்பது போலத்தான் இருந்தது. மேய்ச்சல் நிலம், மாடுகள், அதற்குக் கீழே தீவின் ஒடுங்கிய இடை, இரண்டு பக்கமும் கடல். பார்த்துக்கொண்டே போகலாம் என்று நினைத்தால் முதல் வளைவு வந்துவிடும். வழிகாட்டி சொன்ன மூன்று விஷயம் இன்னும் காதில் இருக்கிறது. வளைவுக்குள் போன பிறகு பிரேக் தேடாதே, வளைவு வருவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு உள்ளே விட்டுவிடு. முன்னால் போகிறவரின் சில்லைப் பார்க்காதே, வளைவு எங்கே முடிகிறதோ அங்கே பார், பார்க்கிற பக்கம்தான் சைக்கிள் போகும். வளையும் பக்கத்துப் பெடல் மேலே இருக்கட்டும், இல்லாவிட்டால் சரியும்போது தாரில் முட்டும். மூன்றையும் உவர்மலையில் நான் தலைகீழாகத்தான் செய்துகொண்டிருந்தேன்.

வீதி ஒடுக்கம். சைக்கிளுக்கென்று தனிப் பாதை இல்லை, வெள்ளைக் கோட்டுக்கு வெளியே பல இடங்களில் ஒரு முழம்கூடக் கிடையாது. அங்கே வலப்பக்கம்தான் ஓட வேண்டும் என்பதை மூளை ஒத்துக்கொண்டாலும் உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. நேராகப் போகும்போது பிரச்சினையில்லை, எங்காவது நின்றுவிட்டு மறுபடி ஏறும்போதுதான் கால் தன்பாட்டில் இடப்பக்கம் போகப் பார்க்கும். 'வலம், வலம்' என்று கோயில் சுற்றுகிற மாதிரி ஹெல்மெட்டுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். பின்னால் நாலைந்து கார் சேர்ந்துவிட்டால் வழிகாட்டி கைகாட்டி எல்லோரையும் ஓரத்தில் நிறுத்தி அவற்றை விடுவார். வேலைக்குப் போகிற ஊர்ச் சனம் அவர்கள், எங்கள் விளையாட்டுக்காக அவர்கள் ஏன் காத்திருக்க வேண்டும்? ஒரு காரிலிருந்து ஒருவர் ஹோர்ன் அடித்து ஏதோ சொல்லிவிட்டுப் போனார். அவர் பக்கம் நியாயம் இருந்தது.

காலுக்கு வேலையே இல்லை, அக்கா சொன்னது சரி. கைதான் போனது. அரை மணித்தியாலத்தில் பெருவிரல் இடுக்கில் நோவத் தொடங்கி, ஒரு மணித்தியாலத்தில் விரல் மடங்க மறுத்தது. விடாமல் உரசிக்கொண்டே வராமல், கொஞ்சம் பிடித்து, விட்டு, மறுபடி பிடித்து வர வேண்டும், பிரேக்குக்கும் சூடு குறையும், கைக்கும் ஆறும். நேரான இடம் வரும்போது ஒவ்வொரு கையாக உதறிக்கொள்ளலாம். போவதற்கு ஒரு மாதம் முன்பு ரப்பர் பந்தை அமத்திப் பழகியிருக்கலாம் என்று தோன்றியது. அரிசி மாவு குழைக்கும் கை என்று எனக்கிருந்த நம்பிக்கை பாதி வழியில் போய்விட்டது.

கீழே வர வர உடுப்பு ஒவ்வொன்றாகக் கழன்றது. யூக்கலிப்டஸ் மரங்களுக்குள்ளால் வீதி போகும் இடத்தில் அப்படியே நுவரெலியா மணம், கண்ணை மூடினால் ஹக்கல பக்கம் என்று சொல்லலாம். கண்ணை மூடத்தான் முடியாது. மகவாவ் என்ற மாட்டுப்பண்ணை ஊரில் நிறுத்தி நல்ல தேத்தண்ணீர் ஒன்று தேடினோம், கோப்பிதான் கிடைத்தது. அதற்குப் பிறகு முன்னாள் கரும்புத் தோட்டங்கள், வெயில், முகத்தில் உப்புக் காற்று. பாயியா என்ற கடற்கரை ஊரில் இறங்கும்போது என் இரண்டு கையும் ஹாண்டிலைப் பிடித்த வடிவத்திலேயே நின்றன. வானிலிருந்து இறங்கிய அக்காதான் என் ஹெல்மெட் பட்டியைக் கழற்றிவிட்டா. வழியெல்லாம் பின்னாலிருந்து மகன் எங்கள் நால்வருக்கும் புள்ளி போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். அவன் கணக்கில் பெறாமகள் முதலாவது, அப்பா நாலாவது.

கட்டணம் ஆளுக்கு நூறு டாலரைத் தாண்டியது. வழிகாட்டிக்குக் கொடுக்கும் சந்தோசக் காசு அதற்கு வெளியே, அங்கே அது எழுதாத சட்டம், முன்பே ஒதுக்கி வையுங்கள். 48 மணித்தியாலத்துக்குள் இரத்துச் செய்தால் எங்கள் குழு காசு திருப்பித் தராது என்று போட்டிருந்தது. மழையில் தாங்களே நிறுத்தினால் என்ன என்பதையும் முன்பே எழுதிக் கேட்டிருந்தேன். மழை வரவில்லை.

திரும்பி வந்து மூன்றாம் நாள் விடிய, நான் எழும்ப முன்பே இவர் பாண் வாங்க என் சைக்கிளை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். இரண்டு நாள் மௌயி ஞாபகத்தில் கையைக் கவனமாக வைத்திருந்தவர், ஊருக்கு வந்ததும் பழையபடி வலக்கைதான் முன்பிரேக் என்று நிம்மதியாக இருந்திருக்கிறார். கேபிள் இன்னும் மாறியே இருக்கிறது என்பதை நான் சொல்ல மறந்துவிட்டேன். பேக்கரிச் சந்தியில் நாய் குறுக்கே வந்ததாம். மற்ற முழங்கையோடும் இரண்டு றாத்தல் பாணோடும் படலைக்குள் வந்து நின்றார்.

அம்மா பஞ்சு எடுத்துக்கொண்டு வந்து பார்த்தா. "இதுக்கும் காசு குடுத்தனியளோ?" என்று கேட்டா.